திண்டுக்கல் மலைக்கோட்டை முற்றுகை (1790): போர்க்கள நிலவமைப்பை நுண்மாதிரியாக்குவதில் அளவும் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

வரலாற்றுப் போர்க்களம் ஒன்றை மேசையளவு நுண்மாதிரியாக அமைக்கும்போது பார்வையாளரின் கண் படைவீரர் உருவங்களின்மீதே முதலில் விழுகிறது. ஆயினும் அம்மாதிரி முன்வைக்கும் வரலாற்றுக் கூற்றின் பெரும்பகுதியைச் சுமப்பது உருவங்களுக்கு அடியிலுள்ள நிலம். 1790ஆம் ஆண்டுத் திண்டுக்கல் முற்றுகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நிலவமைப்பு மாதிரியில் உயரம், அளவுவீதம், பாறையின் புறத்தோற்றம், பருவம், தாவரம் ஆகியவற்றை எவ்வாறு தீர்மானிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலவமைப்பு நுண்மாதிரி, திண்டுக்கல் மலைக்கோட்டை, அளவுவீதம், செங்குத்து மிகைப்பாடு, சின்னாளப்பட்டி, உழிஞை.

முன்னுரை

சின்னாளப்பட்டியிலிருந்து மதுரைச் சாலைவழியே வடக்கு நோக்கிச் சென்றால் ஏறக்குறைய 11 கிலோமீட்டரில் திண்டுக்கல் நகரை அடையலாம். வலப்புறம் சிறுமலைத் தொடர் உடன்வர, எதிரே சமவெளியில் தனித்து நிற்கும் ஒற்றைப் பாறையாகத் திண்டுக்கல் மலைக்கோட்டை காட்சியளிக்கிறது. மதுரை நாயக்கர் காலத்தில் அரணாக்கப்பட்ட இப்பாறை, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைசூர் வசமாயிற்று. 1755இல் ஐதர் அலி இங்குப் படைத்தலைமை அதிகாரியாக அமர்த்தப்பட்டார். அவரது எழுச்சியின் தொடக்கப்படி இக்கோட்டை எனலாம். பின்னர் 1767, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இதனைக் கைப்பற்றியது. முதலிரு முறையும் கோட்டை மீண்டும் மைசூரிடமே சென்றது. மூன்றாம் முறை செல்லவில்லை. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கை திண்டுக்கல்லைக் கம்பெனியின் நிலமாக்கிவிட்டது.

1790ஆம் ஆண்டு ஜூலையில் கோயம்புத்தூரைப் பிடித்த ஜெனரல் மெடோஸ், கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார். ஆகஸ்டில் முற்றுகை நடந்தது. பீரங்கித் தாக்குதலுக்குப் பின் கோட்டைமீது ஏற முயன்ற படை முறியடிக்கப்பட்டது. எனினும் மறுநாளே, ஆகஸ்ட் 22இல், கோட்டை சரணடைந்தது. ஏறிச்சென்ற படை தோற்றும் கோட்டை வீழ்ந்தது என்ற இம்முரணே இம்முற்றுகையை மாதிரியாக்கத் தகுந்ததாக்குகிறது. பாறை எவ்வளவு செங்குத்தானது, மதில் எங்கிருந்து கண்ணுக்குப் படும், பீரங்கி எங்கு நின்றிருக்க இயலும் என்ற வினாக்களுக்கு எழுத்துச் சான்று தராத விடையை நிலம் தரக்கூடும். நிலத்தைப் பிழையாகச் செய்தால் விடையும் பிழையாகும்.

மாதிரிக் கலையின் பின்புலம்

கோட்டைகளை நிலத்தோடு சேர்த்துச் சிறிதாக்கிக் காட்டும் முறை அரசின் தேவையாலேயே வளர்ந்தது. பிரான்சில் பதினான்காம் லூயி காலத்தில், 1668 முதல் எல்லைக் கோட்டைகளின் மாதிரிகள் பெரும்பாலும் 1:600 என்னும் அளவில் உருவாக்கப்பட்டன. மரச்சட்டத்தின்மேல் தாளும் மணலும் கொண்டு நிலம் அமைத்து, பட்டுத் துணுக்குகளால் பயிர்பச்சை காட்டினர். இன்றும் பாரிசிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். ஒரு கோட்டையின் மாதிரி பகைவர் கையில் சிக்கினால் அக்கோட்டையே சிக்கியதற்கு ஒப்பாகும் என்பதால் அவை நெடுங்காலம் மறைவாகக் காக்கப்பட்டன.

நிகழ்ந்து முடிந்த போரை மாதிரியாக்கும் முயற்சிக்கு வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி முன்னோடி. நிலவரைபடக் கலை பற்றி நூல் எழுதிய அவர் 1830இல் வாட்டர்லூ மாதிரியை உருவாக்கப் பணிக்கப்பட்டார். களத்திலிருந்த பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்குச் சுற்றுமடல் அனுப்பி, மாலை ஏழு மணியளவில் அவர்தம் படை எங்கு நின்றது, அவ்வயலில் என்ன பயிர் இருந்தது என்றெல்லாம் கேட்டறிந்தார். பயிர் பற்றிய வினாவை அக்காலப் போர் வரலாற்றாசிரியர் எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். மாதிரி செய்பவருக்கோ அவ்வயலுக்கு ஏதேனும் ஒரு நிறம் தீட்டியே ஆகவேண்டும்.

சைபோர்ன் சந்தித்த இடர் ஒன்று இங்குக் கருதத்தக்கது. அவர் அளக்கச் சென்றபோது களம் 1815இல் இருந்தபடி இல்லை. 1820களில் அங்கு எழுப்பப்பட்ட சிங்க மேட்டிற்காகக் களத்தின் மையப்பகுதியிலிருந்தே மண் வெட்டப்பட்டு, முக்கியமான மேட்டுவிளிம்பு தாழ்ந்துபோயிருந்தது. ஆகவே கண்ணால் கண்டதை அளந்தால் மட்டும் போதவில்லை. காணாமற்போனதைச் சான்றுகளால் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. 1838இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட அம்மாதிரியில் பிரஷ்யப் படையின் இடம் குறித்து வெலிங்டன் தரப்பு எழுப்பிய எதிர்ப்பும், அதன்பின் பிரஷ்ய உருவங்களில் பல நீக்கப்பட்டதும் தனிக் கதை.

தமிழ்ச் சூழலிலும் இக்கைவினைக்கு அயன்மை இல்லை. நவராத்திரிக் கொலுவின் கீழே மண்ணால் மலை குவித்து, கண்ணாடியைத் தெப்பக்குளமாக்கி, கேழ்வரகும் கடுகும் முளைவிடச் செய்து வயல் காட்டும் வழக்கம் இல்லந்தோறும் உண்டு. மராட்டியப் பகுதிகளில் தீபாவளியை ஒட்டிச் சிறுவர் சிவாஜியின் கோட்டைகளை மண்ணால் கட்டுகின்றனர். கொலுவின் மலை எந்த மலையும் அன்று, பொதுவான மலை. சிறுவரின் மண்கோட்டையோ பெயருள்ள கோட்டை. போர்க்கள மாதிரி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பெயர் சூட்டிய கணத்திலேயே அது சரிபார்க்கத்தக்க கூற்றாகிவிடுகிறது.

தொள்ளாயிரம் அடி என்னும் சிக்கல்

திண்டுக்கல் பாறையை மாதிரியாக்க முனைவோர் எதிர்கொள்ளும் முதல் தகவலே தடுமாற்றம் தருவது. பாறை 900 அடி (ஏறக்குறைய 270 மீட்டர்) உயரமுடையது என்ற குறிப்பு சுற்றுலா ஏடுகளிலும் இணையப் பக்கங்களிலும் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. ஆயின் திண்டுக்கல் நகரமே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 268 மீட்டர், அதாவது 880 அடி உயரத்தில் அமைந்துள்ளது. ஆங்கிலேயர் கால விவரச்சுவடிகள் பாறையின் உச்சியைக் கடல்மட்டத்திலிருந்து 1,223 அடி என்கின்றன. இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 343 அடி. நகருக்குள்ளேயே நிலம் ஏறியிறங்குவதால் பாறையடியின் மட்டம் இடத்திற்கு இடம் சற்று வேறுபடும். எவ்வாறு கணக்கிட்டாலும் தரையிலிருந்து பாறையின் எழுச்சி 90 முதல் 105 மீட்டருக்குள் அடங்கும். கடல்மட்டத்திலிருந்து நகரத்திற்குள்ள உயரம் எங்கோ ஓரிடத்தில் பாறையின் உயரமாக மாறிப் பின்னர் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கருதுவதே பொருத்தம். படியேறியவர் எவரும் 270 மீட்டரை ஏறியதாக உணர்ந்திருக்க மாட்டார்.

இப்பிழை ஏட்டில் இருக்கும்வரை பெரிய கேடில்லை. மாதிரியில் புகுந்தால் போரின் தன்மையே மாறிவிடுகிறது. கணக்கின் எளிமைக்காகப் பாறையின் எழுச்சியை 100 மீட்டர் எனக் கொள்ளலாம். உச்சிக்கு நேர்கீழிருந்து 500 மீட்டர் தொலைவில் ஒரு பீரங்கி மேடை இருப்பதாக வைத்துக்கொண்டால், அங்கிருந்து உச்சியை நோக்கும் கோணம் ஏறத்தாழ 11 பாகை. அதே தொலைவில் பாறையை 270 மீட்டராக்கினால் கோணம் 28 பாகையைத் தாண்டுகிறது. மதிலைத் தகர்க்கும் அக்காலப் பீரங்கிகள் தாழ்ந்த கோணத்தில் நேராகச் சுடுபவை. 28 பாகை என்பது குண்டை மேலெறிந்து விழச்செய்யும் குறும்பீரங்கியின் வேலை. ஆகவே உயரம் மிகுந்த மாதிரியைப் பார்ப்பவர், மதிலைக் கீழிருந்து தகர்ப்பதே இயலாது என்ற முடிவுக்கு வருவார். சரியான மாதிரியைப் பார்ப்பவருக்கு அது அரிய செயலாகத் தோன்றுமேயன்றி இயலாததாகத் தோன்றாது. ஸ்டூவர்ட்டின் படை பீரங்கித் தாக்குதலை ஏன் தேர்ந்தது என்ற வினாவிற்கு இவ்விருவரும் வெவ்வேறு விடை சொல்வர்.

அளவுவீதம்

மாதிரியாளர் பலர் அழகுக்காக உயரத்தை வேண்டுமென்றே கூட்டுவதுண்டு. சைபோர்னும் அவ்வாறே செய்தார். அவரது கிடைமட்ட அளவு ஏறத்தாழ 1:600. செங்குத்து அளவோ ஏறத்தாழ 1:180. காரணம் உருவங்கள். 10 மில்லிமீட்டர் வீரர் உருவம் 1:180 அளவுக்குப் பொருந்தும். 1:600இல் மனிதன் 3 மில்லிமீட்டர்கூட இருக்க மாட்டான். உருவத்திற்கு ஏற்ப நிலத்தை உயர்த்தாவிடில் வீரர்கள் குன்றுகளை மறைத்துவிடுவர். வாட்டர்லூவின் மெல்லிய மேடுகளுக்கு இச்செயல் பொருந்தும். மேட்டின் பின்புறச் சரிவே அங்குப் போரைத் தீர்மானித்த நிலக்கூறு, அது கண்ணுக்குத் தெரியவேண்டும். திண்டுக்கல் பாறைக்கு அத்தகைய உதவி தேவையில்லை. தட்டையான வெளியில் திடீரென எழுவதால் உண்மை அளவிலேயே அது போதிய மிடுக்குடன் நிற்கிறது. எனவே செங்குத்து மிகைப்பாட்டை இங்கு முற்றிலும் தவிர்ப்பதே தக்கது.

பாறையின் சுற்றளவு 2.75 கிலோமீட்டர் எனக் குறிக்கப்படுகிறது. 1:1000 அளவில் சுற்றளவு 2.75 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். சுற்றிலும் 500 மீட்டர் வெளியையும் சேர்த்தால் இரண்டு மீட்டர்ச் சதுர மேசைக்குள் அடங்கும். கடைகளில் கிடைக்கும் 1:72 வீரர் பொம்மைகளுக்காக அதே அளவைத் தேர்ந்தால் பாறையின் சுற்றளவு 38 மீட்டராகி, கல்லூரிக் கலையரங்கமே தேவைப்படும். சின்னாளப்பட்டியையும் சிறுமலை அடிவாரத்தையும் சேர்க்க விரும்பினால் வேறு தொல்லை: 1:1000இல் சின்னாளப்பட்டி 11 மீட்டர் தள்ளி, பெரும்பாலும் அடுத்த அறைக்குள் விழும். 1:5000க்குக் குறைத்தால் ஊர் உள்ளே வரும். ஆனால் கோட்டைப் பாறை இரண்டு சென்டிமீட்டர்ப் புடைப்பாகச் சுருங்கி, முற்றுகை என்பதே காணாமற்போகும். சிறுமலையைப் பின்னணிப் பலகையில் ஓவியமாகத் தீட்டிவிடுவது நேர்மையான வழி. 1822இல் பாரிசில் டாகேர் ‘டயோரமா’ என்ற பெயரில் காட்டியதும் ஒளியூட்டிய திரையோவியமே. மேசைமாதிரிக்கு அப்பெயர் பிற்காலத்தில் வந்தது.

1:1000 அளவில் மனிதன் 1.7 மில்லிமீட்டர். தனி வீரரைச் செய்வது வீண். படைப்பிரிவு ஒன்றை அது நின்ற நிலப்பரப்பின் அளவிற்கே வெட்டிய மெல்லிய மரச்சில்லாகக் காட்டலாம். காண்போருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஒரு படையணி எவ்வளவு இடத்தை அடைக்கும் என்ற உண்மை உருவங்களை நிறுத்தும்போது கெடுகிறது, சில்லுகளை வைக்கும்போது கெடுவதில்லை.

நிலத்தை அடுக்குதல்

இந்திய நிலஅளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் அமைபவை. 100 மீட்டர்ப் பாறைக்கு ஐந்து கோடுகளே கிடைக்கும். ஐந்து தட்டுகளை அடுக்கினால் கிடைப்பது படிக்கட்டுக் கோபுரம், பாறையன்று. செயற்கைக்கோள் உயரத்தரவு 30 மீட்டர்க் கட்டங்களாகக் கிடைக்கிறது. 1:1000இல் ஒரு கட்டம் 3 சென்டிமீட்டர். கட்டத்திற்குள் இருக்கும் செங்குத்து முகமெல்லாம் சராசரியாகி மழுங்கிவிடும். மதில் நின்ற விளிம்பும் ஏறத்தக்க சரிவும் பிரியுமிடம் துல்லியமாக அவ்விடத்தில்தான் உள்ளது என்பது வருத்தத்திற்குரியது.

எனவே இத்தரவுகளை எலும்புக்கூடாக மட்டும் கொண்டு, சதையைக் களத்தில் தேடவேண்டும். பாறையைச் சுற்றிவந்து சம இடைவெளியில் ஒளிப்படங்கள் எடுத்துக் கணினியில் முப்பரிமாண வடிவம் பெறுவது ஒரு வழி. படிகளின் எண்ணிக்கையைச் சராசரிப் படியுயரத்தால் பெருக்கிப் பாதையோரப் புள்ளிகளின் உயரத்தைச் சரிபார்ப்பது இன்னொன்று. எளியதாயினும் பிழை குறைந்தது. ஆளில்லா வானூர்தி எளிதாக்கும் என்று தோன்றலாம். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ளதால் அதற்கு முன் அனுமதி வேண்டும்.

கட்டுமானத்தில் அடித்தளம் ஒட்டுப்பலகை. கீழே சட்டம் அடிக்காவிடில் சுண்ணச்சாந்தின் ஈரத்தால் பலகை வளையும். அதன்மேல் 5 மில்லிமீட்டர்த் தெர்மோகோல் தகடுகளைச் சமவுயரக் கோட்டின்படி வெட்டி ஒட்டவேண்டும். ஒரு தகடு 5 மீட்டர் உயரத்தைக் குறிக்கும். வரைபடக் கோடுகளுக்கு இடைப்பட்ட தகடுகளின் வடிவத்தை ஒளிப்படத்திலிருந்து பெறவேண்டும். கரைப்பான் கலந்த பசைகள் தெர்மோகோலை அரித்துவிடுவதால் பெவிக்கால் போன்ற நீர்ப்பசையே பொருந்தும். தகடுகளின் விளிம்பைச் சீவியபின் காகிதக்கூழும், அது நன்கு உலர்ந்தபின் பாரிஸ் சாந்தும் மெல்லிய படலமாகப் பூசப்படும். ஒவ்வொரு பூச்சும் ஒரு மில்லிமீட்டர் கூடினால் பாறை ஒரு மீட்டர் வளர்ந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

பாறையின் தோல்

கசக்கிய அலுமினியத் தாளில் சாந்தூற்றிப் பாறை முகம் வார்ப்பது மாதிரியாளரிடையே பரவலான உத்தி. அது கூரிய முறிவுகளுடைய மலைகளுக்கு ஏற்றது. திண்டுக்கல்லில் உள்ளதோ மழுங்கி உருண்ட, வழவழப்பான கரும்பாறை. வெங்காயத் தோல்போல் படலம் படலமாக உரிந்து குவிந்த வளைவுகளாக நிற்பது. ஏணியின்றிக் கால்பதிக்க இடந்தராத இவ்வழவழப்பே அதன் அரண். கசங்கிய முகத்தைப் பொருத்தினால் கைப்பிடிக்க ஆயிரம் பிளவுகள் இருப்பதாகப் பொய் சொன்னதாகும். ஈரத் துணியால் சாந்தைத் தேய்த்து வழுக்கையாக்குதல், சாம்பல் நிறத்தில் சிறிது செம்மை கலந்து தீட்டுதல், பின்னர் மிக நீர்த்த கருமையை உச்சியிலிருந்து வழியவிட்டு மழைநீர்க் கறைகளைத் தானே உருவாகச் செய்தல் ஆகிய மூன்றும் போதும். கறையைத் தூரிகையால் வரைந்தால் வரைந்ததாகவே தெரியும்.

மேலேயுள்ள கட்டடங்களில் எவை 1790க்கு உரியவை என்பதே கடினமான பகுதி. நாயக்கர், மைசூர், கம்பெனி என மூவர் கையும் அங்குப் பட்டுள்ளது. இன்று நிற்கும் அனைத்தையும் அப்படியே இறக்கி வைத்தால், கோட்டையைப் பிடித்தவர் பின்னாளில் செய்த வேலையையும் பிடிபட்ட நாளிலேயே காட்டியதாகிவிடும்.

பொழுதும் பயிரும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. மதிலை முற்றுதலும் காத்தலுமாகிய உழிஞைத் திணையை மருதத்திற்குப் புறனாக வைத்ததும் அந்நூலே. முற்றுகையை வயல்சூழ்ந்த நிலத்தோடு இணைத்துக் காணும் பார்வை அதில் உண்டு. மாதிரி செய்பவர் இதனைக் கைவினை நெறியாகவே கொள்ளலாம். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் என்பது ஆடி முடிந்து ஆவணி பிறந்த வேளை. தென்மேற்குப் பருவமழையின் மறைவில் கிடக்கும் இச்சமவெளியில் குளங்கள் வற்றியோ அடிநீர் மட்டும் தேங்கியோ இருக்கும் காலம். ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிச் சோளமும் கம்பும் முளைப்பருவத்தைத் தாண்டியிருக்காது. படை நடமாட்டத்தில் விதைப்பே நடந்திராத நிலமும் இருந்திருக்கலாம். ஆகவே மேசையின் பெரும்பரப்பு உழுசால் தெரியும் செம்மண். பச்சை என்பது பொட்டுப்பொட்டாக மட்டும். கொலுவின் பச்சை வயலுக்குப் பழகிய கண் இதனை முடிவுறாத வேலையென்று நினைக்கக்கூடும்.

தாவரத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். இன்று திண்டுக்கல் சமவெளியின் தரிசெங்கும் நிறைந்துள்ள சீமைக்கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவிற்குள் வந்தது. சிறுமலைச் சரிவுகளை மூடியுள்ள உண்ணிச்செடி கல்கத்தாவுக்கு வந்ததே அந்நூற்றாண்டின் தொடக்கத்தில். இவற்றை நீக்கினால் வெளி எதிர்பாராத அளவிற்குத் திறந்துகொள்கிறது. பனை, புளி, வேம்பு, ஆல், உடை, வேலிக்குக் கிளுவையும் கள்ளியும் என்றமைந்த நிலத்தில் பீரங்கி வண்டியின் புழுதி தொலைவிலிருந்தே கோட்டைக் காவலருக்குத் தெரிந்திருக்கும். பதுங்கி நெருங்குவது எவ்வளவு இயலும் என்ற போர்வினாவிற்கு ஒரு களைச்செடியின் வரலாறு விடையாகிறது. 1870களில் வந்த இருப்புப்பாதையும் அதன் மண்மேடும் இவ்வாறே நீக்கத்தக்கவை.

இதற்கான பொருள் சின்னாளப்பட்டியிலேயே கிடைக்கும். சுங்குடிக்கும் செயற்கைப்பட்டுக்கும் பெயர்பெற்ற இவ்வூரில் தறியடியிலும் சாயப்பட்டறையிலும் விழும் நூல் துணுக்குகளுக்குப் பஞ்சமில்லை. பிரான்சின் மாதிரியாளர் பட்டைத் தேர்ந்தனர். இங்கு அது பொருந்தாது. செயற்கைப்பட்டு இழை ஒளிபட்டால் மின்னும். மானாவாரிப் புஞ்சை மின்னுவதில்லை. பருத்தி நூலே வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, பசை தடவிய பரப்பில் சல்லடையால் தூவினால் ஒரு மீட்டருக்கும் குறைந்த இளம்பயிர் அளவிற்குச் சரியாக அமையும். பச்சையை ஒரே சாயத்தில் தோய்க்காமல் மஞ்சளும் பழுப்பும் கலந்த மூன்று நான்கு தோய்ப்புகளாகப் பிரித்துக் கலப்பது நன்று. மண்ணுக்கு மண்ணே சிறந்தது: சின்னாளப்பட்டிச் சுற்றுப்புறச் செம்மண்ணைச் சலித்து, வாணலியில் வறுத்து, புழு பூச்சி நீங்கியபின் நீர்த்த பசையோடு பூசலாம். நனைந்தால் நிறம் கருக்கும். உலர்ந்தபின்னும் பசையால் சற்றுக் கருமை தங்கும். ஆகவே வேண்டிய நிறத்தைவிட வெளிறிய மண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐயத்தைக் காட்டும் முறை

எழுதும் ஆய்வாளர் ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல்லில் ஒதுங்கிவிடலாம். சாந்துக்கும் மண்ணுக்கும் அச்சொல் இல்லை. பீரங்கி மேடை ஓரிடத்தில் வைக்கப்பட்டாகவேண்டும். வைத்தபின் அது சான்றுள்ள மதிலைப் போன்றே உறுதியாகத் தோன்றும். சைபோர்ன் மாதிரியைச் சுற்றி எழுந்த பூசலின் வேரும் இதுவே.

இதற்குக் கைவினையளவிலேயே தீர்வு தேடலாம். அளந்தறிந்த பகுதிகளுக்கு முழு வண்ணமும், ஊகித்தவற்றிற்கு வண்ணமிடாத வெண்சாந்தும் என்று பிரித்துவிட்டால் பார்வையாளர் எவரும் கேளாமலே அறிவர். அழகு சற்றுக் குறையும். கல்லூரிக் காட்சிக்கூடத்தில் அது குறையாகாது. மதில், பீரங்கி மேடை, படையணிச் சில்லு ஆகியவற்றை நிலத்தோடு ஒட்டாமல் சிறு முளைகளால் பொருத்துவதும் இன்றியமையாதது. புதிய ஆவணமோ அகழாய்வோ வேறோர் இடத்தைக் காட்டினால், பாறையை உடைக்காமல் மேடையை மட்டும் பெயர்த்து மறுபுறம் வைக்க இயலும். பழைய முளையின் துளையை அடைக்காமல் அப்படியே விட்டுவைக்கலாம்.